கயிறு தெரியாத கிரேன்

பையை மேலே வைக்க வேண்டாம், தாயி. பஸ் குலுக்கும், மடியிலேயே இருக்கட்டும். உள்ளே லேப்டாப். என்னுடையதுதான். மகனுடையதா, பேரனுடையதா என்று காலையிலிருந்து ஐந்து பேர் கேட்டுவிட்டார்கள். எனக்கு மகனும் இல்லை, பேரனும் இல்லை. ஒரே மகள், கல்யாணமாகி ராய்ப்பூரில் இருக்கிறாள். அவள் கல்லூரியில் படித்தபோது வாங்கியது. இப்போது அதில் நான் கேம் விளையாடுகிறேன்.

சிரிக்காதே. சிரித்தால் சொல்ல மாட்டேன்.

நான் பேசுகிறவளே இல்லை. ராஜபாளையத்தில் நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் சைடர் வேலை. மிஷின் ஓரமாக நடந்துகொண்டே இருந்து, அறுகிற நூலை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அந்தச் சத்தத்தில் யார் யாரிடம் பேசுவது? வெளியே வந்தபோது பேச்சே மறந்துபோயிருந்தது. இன்றைக்கு வாய் திறக்கிறேன் என்றால், இன்றைக்கு நடந்தது அப்படி. மதுரையில் ஒரு மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால், நான் ஏமாற்றுக்காரி இல்லை என்று நிரூபித்துவிட்டு வருகிறேன். நிரூபித்துவிட்டேன். அதில் உனக்குச் சந்தேகமே வேண்டாம்.

முதலிலிருந்து சொல்கிறேன். வரிசை மாறினால் எனக்குப் பிடிக்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இந்த லேப்டாப் திறக்கவில்லை. எங்கள் ஊரில் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெயசீலி என்று ஒரு பெண் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். கெட்டிக்காரி, ஆனால் வாய் அதிகம். பார்த்துவிட்டு, "உள்ள இருந்த விண்டோஸ் செத்துப்போச்சும்மா, வேற போட்டுத் தர்றேன்" என்றாள்.

"அது முறையா வாங்கினதா?" என்று கேட்டேன்.

"யாரும்மா வாங்குறா? ஊர்ல பாதிப்பேருக்குக் காப்பிதான்."

"அப்ப திருட்டு."

"திருட்டுன்னு சொல்லாதீங்க. அப்படியே சொன்னாலும் மெதுவாச் சொல்லுங்க, ஆள் நிக்காங்க."

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திருடினது எதுவும் என் வீட்டுக்குள் வந்ததில்லை. மில்லில் நூல் சுற்றுகிற ஒரு பாபின் கூட இடுப்பில் சொருகிக்கொண்டு வந்தவள் இல்லை நான். அவள் பெருமூச்சு விட்டு, லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருடி என்று சொல்ல முடியாது என்றாள். அதைப் போடு என்றேன்.

அவள் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அந்த கேமைப் பார்த்தேன். நங்கூரம் என்று பெயர். ஒரு துறைமுகம். கரையில் இருக்கிற பெட்டியை கிரேனில் தூக்கிக் கப்பலுக்குள் இறக்க வேண்டும். ஒரு கப்பலுக்கு இருநூற்று நாற்பது பெட்டி. நாலு பேர் சேர்ந்து செய்கிற வேலை; ஒருவர் கிரேனில், மற்ற மூன்று பேர் கரையிலும் கப்பலிலும். நாலு பேரும் வேறு வேறு ஊரில் இருப்பார்கள், இன்டர்நெட்டில்தான் கூடுவார்கள். இன்டர்நெட் இல்லாவிட்டால் அந்த கேம் திறக்கவே திறக்காது. கடையில் யாரோ ஒருவர் விளையாடிக்கொண்டிருந்தார். பெட்டி ஆடிக்கொண்டிருக்கும்போதே இறக்கினார். அது சரிந்தது. எனக்குத் தாங்கவில்லை. "கோணலா வைக்கிறீங்க" என்று சொல்லிவிட்டேன். அந்நிய ஆளிடம் நானாகப் போய்ப் பேசியது, எனக்குத் தெரிந்து, அதுதான் முதல் தடவை.

"அப்ப நீங்களே வைங்க" என்று எழுந்துவிட்டார். வைத்தேன். அப்படி ஆரம்பித்தது.

ஆனால் அந்த கேம் விண்டோஸுக்காகச் செய்தது. என்னுடையது லினக்ஸ். ஜெயசீலிதான் விளக்கினாள்: "அது பேசுற பாஷை வேற, உங்க மிஷின் பாஷை வேற. நடுவுல ஒரு ஆளை நிறுத்துவோம். அது சொல்றதை இவன் இதுக்குச் சொல்லுவான், இது சொல்றதை அதுக்குச் சொல்லுவான்." அந்த நடுவில் நிற்கிற மென்பொருளுக்கு ஏதோ பெயர் இருக்கிறது. நான் இடையாள் என்றே சொல்கிறேன். அவனும் சும்மா கிடைக்கிறவன்தான். திருட்டு இல்லை. இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

இடையாள் நல்லவன். ஆனால் எல்லாவற்றையும் சொல்ல மாட்டான். என் திரையில் பெட்டி தெரியும், கப்பல் தெரியும், கடல் தெரியும். கிரேனின் கயிறு மட்டும் தெரியாது. பெட்டி அந்தரத்தில் அசையாமல் நிற்பதுபோல இருக்கும். கயிறு தெரிந்தால்தானே ஆட்டம் நின்றதா இல்லையா என்று தெரியும்? எல்லோரும் கயிற்றைப் பார்த்துத்தான் இறக்குகிறார்கள். ஜெயசீலி இடையாளில் பதினான்கு பதிப்பு மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ஒன்றில் கயிறு வந்தது, கடல் போய்விட்டது. இன்னொன்றில் எல்லாம் வந்தது, கேமே உள்ளே விடவில்லை. "அம்மா, கயிறில்லாமலே பழகிக்கோங்க" என்று கையைத் தூக்கிவிட்டாள்.

பழகினேன். மனசுக்குள் எண்ணினேன். எட்டில் இறக்கினால் சரிந்தது. ஒன்பதில் கொஞ்சம் சரிந்தது. பத்தில் சில நேரம். பதினொன்றில் ஒருபோதும் இல்லை. அவ்வளவுதான். ஒரு பெட்டிக்குப் பதினோரு விநாடி, ஒரு கப்பலுக்கு நாற்பத்து நாலு நிமிஷம். தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு கப்பல். இதுவரை அறுநூற்றுப் பதினோரு கப்பல். ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து அறுநூற்று நாற்பது பெட்டி. அதில் சரிந்தது, பழகுகிற காலத்தையும் சேர்த்து, ஒன்பது.

ஏன் அப்படிப் பார்க்கிறாய்? கணக்கு வைக்காமல் ஒரு வேலையைச் செய்து என்ன பிரயோஜனம்?

என்னோடு கப்பலுக்கு வருகிறவர்கள் மூன்று பேர். கிரேன் எப்போதும் என் கையில். தலைவருக்கு நண்டு என்று பெயர், கேமில் எல்லோருக்கும் இப்படித்தான் பெயர். எனக்கு ஏழாம்நம்பர். மில்லில் என் மிஷின் ஏழாம் நம்பர். அவர்கள் ஏழு, ஏழு என்று கூப்பிடுவார்கள். மைக் போட்டுப் பேசச் சொன்னார்கள். நான் பேசவில்லை. டைப் அடிப்பேன். "வந்துவிட்டேன்." "சரி." "போய் வருகிறேன்." அதற்கு மேல் என்ன இருக்கிறது? அவர்களாக என்னை ஒரு பையன் என்று முடிவு செய்துகொண்டார்கள். "டேய் ஏழு, செமடா" என்பார் நண்டு. "ஏழு மச்சி, உனக்கு வாய் இல்லையா?" என்பார் இன்னொருவர். நான் திருத்தவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்லாதது பொய் ஆகாது.

எங்கள் கூட்டம் மேலே மேலே வந்தது. ஊர் ஊராக எத்தனையோ கூட்டம். அதில் எட்டுக் கூட்டத்தை எடுத்து மதுரையில் நேரில் வைத்துக் கடைசிப் போட்டி என்றார்கள். எட்டில் ஒன்று நாங்கள். ஒரு கூட்டத்துக்கு நாலு நாற்காலி. அதில் ஒன்று எனக்கு. உனக்கு இது சின்ன விஷயமாக இருக்கலாம். முப்பத்தோரு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்தவளுக்கு ஒரு நாற்காலி, பக்கத்தில் மூன்று பேர். போகலாம் என்று முடிவு செய்துவிட்டேன். புடவை கூட எடுத்து வைத்தேன்.

பத்தொன்பது நாளைக்கு முன்னால், மூன்று மணிக்கு, கேம் திறக்கவில்லை. சிவப்பாக ஒரு கடிதம் வந்தது. கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். ஜெயசீலி படித்துச் சொன்னாள். என் கணக்கை மூடிவிட்டார்களாம். இரண்டு காரணம். ஒன்று, என் மிஷினில் ஏதோ அன்னியமானது நடுவில் இருக்கிறதாம். இடையாளைச் சொல்கிறார்கள். "கேம்காரன் ஒரு காவல்காரனை வச்சிருக்கான்மா. திருட்டு வேலை நடக்குதான்னு வீட்டுக்குள்ள வந்து சுவரைத் தட்டிப் பாப்பான். உங்க வீட்டுல சுவர் சரியாத்தான் இருக்கு, சத்தம் மட்டும் வேற மாதிரி வருது. பயந்துட்டான்" என்றாள். இரண்டாவது காரணம்: இவ்வளவு சீரான இடைவெளியில் எந்த மனிதக் கையாலும் பெட்டி இறக்க முடியாது, இது தானாக ஓடுகிற புரோகிராம்.

இந்த இரண்டாவதை நான் குற்றமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மில்லில் இப்படி ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தால் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பேன். கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன், இதோ பர்ஸில். பார்க்கிறாயா? சரி, அப்புறம்.

ஆனால் என் பெயரை ஏமாற்றுகிறவர்கள் பட்டியலில் போட்டுவிட்டார்கள். சிவப்பு எழுத்தில். விளையாடுகிற எல்லோரும் பார்க்கலாம். அன்றைக்கு ஜெயசீலி தன் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து நண்டைத் தேடிப் பிடித்தாள்; அவர் அதில் எனக்குச் செய்தி அனுப்பினார்.

"ஏழு, உண்மையச் சொல்லு. புரோகிராம் போட்டு ஓட்டுனியா?"

"இல்லை" என்று அடித்தேன்.

"அவ்ளோதானா?"

"ஆம்."

"அட, ஒரு விளக்கமாவது குடுடா!"

இல்லை என்றால் இல்லை. அதற்கு மேல் என்ன விளக்கம்?

மூன்று கடிதம் எழுதினோம். மூன்றாவதற்குப் பதில் வந்தது. "தவறு செய்தேன்" என்கிற இடத்தில் ஒரு டிக் போட்டால் முப்பது நாளில் திறந்துவிடுவார்களாம்.

"ஒரு டிக்குதான்மா. கையெழுத்துகூட இல்ல" என்றாள் ஜெயசீலி.

"டிக்குன்னா ஆமாம்னுதானே அர்த்தம்?"

"சரி, அது வேண்டாம். பேசாம விண்டோஸ் காப்பி போட்டுடுறேன். இடையாளும் இருக்க மாட்டான், கயிறும் தெரியும்."

"அப்ப நான் திருடியாயிடுவேன்."

"இப்ப மட்டும் என்னவாம்? பட்டியல்ல அதானே போட்டிருக்கான்!"

"அவன் போட்டது பொய். நீ போடுறது நிஜம்."

தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொரு யோசனை சொன்னாள். வேறு பெயரில் புதிதாகத் திறப்போம், ஒரு பெட்டியை எட்டில் இறக்குங்கள், ஒன்றைப் பதினாலில் இறக்குங்கள், நடுவில் ஒன்றிரண்டைச் சரியவிடுங்கள், மனுஷி என்று நம்பிவிடுவான். எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தெரிந்தே கோணலாக வை என்கிறாள், தாயி. என்னிடம்.

அதனால்தான் இன்றைக்கு நேரே கிளம்பி வந்தேன். நடுவர் யாரோ இருப்பார்கள் அல்லவா, அவர்கள் முன்னால் உட்கார்ந்து காட்டிவிடுவது என்று. இந்த மிஷினில், இந்த இடையாளோடு.

மண்டப வாசலில் ஒருவர், "அம்மா, பசங்களோட வந்தவங்க எல்லாம் அந்தப் பக்கம் உக்காருங்க" என்றார். "நான் பசங்களோட வரல, நான்தான் வந்திருக்கேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. விட்டுவிட்டேன்.

நண்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். கரூர்க்காரர், கொசுவலைக் கம்பெனியில் வேலை, முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல உடம்பு. பெயர் குமரகுருபரன். நான்தான் ஏழாம்நம்பர் என்று சொன்னதும் அந்த மனிதர் கையிலிருந்த டீயைக் கீழே வைக்க இடம் தேடினார் பார்.

"ஐயோ அம்மா... நான் உங்கள டேய் போட்டெல்லாம்..."

"நானூற்றுப் பன்னிரண்டு தடவை" என்றேன்.

"எண்ணுனீங்களா?"

"எண்ணாம இருக்க முடியல."

அவர் சிரித்துவிட்டார். மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டு, "டேய், நம்ம ஏழுடா" என்றார். மூன்று பேரும் என் பையை வாங்கிக்கொள்ள வந்தார்கள். கொடுக்கவில்லை. ஆனால் வந்தார்கள். பிறகு நண்டே என்னை நடுவரிடம் கூட்டிக்கொண்டு போனார். மிருதுளா என்று ஒரு பெண், மூக்குக் கண்ணாடி, கழுத்தில் அட்டை. பொறுமைசாலி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பன்னிரண்டு மணிக்குப் போட்டி. இப்ப பத்தரை. சோதனைக் கணக்கு ஒண்ணு திறந்து தர்றேன், அதுல கூட ஆள் வேண்டாம், உங்க லேப்டாப்லயே ஒரு கப்பல் ஏத்துங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றாள்.

திரையைப் பார்த்ததும் அவள் கேட்டது இதுதான்: "என்னம்மா, கயிறே தெரியல?"

"தெரியாது."

"அப்ப எப்படி இறக்குறீங்க?"

"எண்ணி."

அவள் கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள்.

ஆரம்பித்தேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. பின்னால் மூச்சுச் சத்தம். எனக்குக் கூட்டம் என்றால் கை சில்லிட்டுப் போகும். எண்ணிக்கை கொஞ்சம் முன்னே பின்னே ஆவது எனக்கே தெரிந்தது. ஆனாலும் சரியவில்லை. நூற்று முப்பத்து மூன்றாவது பெட்டியைத் தூக்கியபோது காதுக்குப் பின்னாலேயே ஒரு குரல், "இந்தப் பாட்டியா அது?" என்றது. கை விழுந்துவிட்டது. ஒன்பதில். பெட்டி சரிந்து கடலுக்குள் போனது.

மீதி நூற்று ஏழையும் இறக்கி முடித்தேன். தலை நிமிரவே இல்லை. தோற்றுவிட்டேன் என்று நினைத்தேன். மிருதுளா ஓரமாகப் போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு, சிரித்த முகமாக வந்தாள்.

"அம்மா, முடிஞ்சது! கேம் கம்பெனில ஒத்துக்கிட்டாங்க. இடைவெளி கூடக் குறைய வந்திருக்கு, ஒரு பெட்டி விழுந்திருக்கு. மனுஷக் கைதான்னு தெளிவா இருக்கு. நடுவுல இருக்கிற மென்பொருள் விஷயத்தையும் தள்ளிட்டாங்க. உங்க கணக்கு திறந்துடும். நீங்க பன்னிரண்டு மணிக்கு உங்க டீமோட உக்காரலாம்."

நண்டு கையைத் தட்டினார். "அம்மா, வாங்க வாங்க, நாற்காலி ரெடி!"

நான் எழுந்திருக்கவில்லை.

நன்றாகக் கேள், தாயி. என்ன சொல்கிறாள் அவள்? அந்தப் பெட்டி விழுந்ததால்தான் நான் மனுஷி. விழாமல் இருந்திருந்தால்? அப்போது திருடியா? அப்படியென்றால் இந்த அறுநூற்றுப் பதினோரு கப்பல்? அதெல்லாம் யார் ஏற்றியது?

"இன்னொரு கப்பல்" என்றேன்.

"எதுக்கும்மா? அதான் ஜெயிச்சிட்டீங்களே!" என்றாள் மிருதுளா.

"கை சில்லிட்டுப் போச்சு. அது என் வேலை இல்ல. என் வேலையப் பாத்துட்டுத் திறங்க."

"மணி பதினொண்ணரை. ஒரு கப்பலுக்கு நாற்பத்து நாலு நிமிஷம் ஆகும். போட்டி ஆரம்பிச்சிடும்" என்றார் நண்டு.

"ஆரம்பிக்கட்டும்."

ஜெயசீலிக்குப் போன் போட்டு நண்டிடம் கொடுத்தேன், அவளாவது எடுத்துச் சொல்வாள் என்று. அவளோ அங்கிருந்தே கத்துகிறாள்: "யம்மா, முதல் கப்பல் போதும்! எந்திரிச்சுப் போய் உக்காருங்க!" எல்லோருக்கும் கேட்டது. போனை வாங்கி அணைத்துவிட்டேன்.

இரண்டாவது கப்பல். இந்தத் தடவை யாரும் பின்னால் இல்லை, எல்லோரும் போட்டி பார்க்கப் போய்விட்டார்கள். மிருதுளா மட்டும் இருந்தாள். நண்டு கதவுக்கும் எனக்கும் நடுவில் நாலு தடவை நடந்தார். பன்னிரண்டு மணிக்கு உள்ளே மணி அடித்தது. அப்போது நூற்று அறுபத்து நாலாவது பெட்டி. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் எண்ணிக்கை போய்விடும். இருநூற்று நாற்பதும் பதினொன்று, பதினொன்று, பதினொன்று. ஒன்றுகூடச் சரியவில்லை. கப்பல் கிளம்பியது.

இரண்டு நிமிஷத்தில் சிவப்புக் கடிதம் வந்துவிட்டது. அந்தச் சோதனைக் கணக்கையும் மூடிவிட்டார்கள்! எந்த மனிதக் கையாலும் முடியாதாம். அவர்களுடைய நடுவரே என் கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், தாயி! "நான் பாத்துக்கிட்டே இருந்தேனே" என்றாள் மிருதுளா. அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, மில்லில் ஒரு தீபாவளிக்கும் வந்ததில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, ரெண்டாவது கப்பலைப் பத்தி நான் எழுதி அனுப்பாம விட்டுடுறேன். முதல் கப்பல் மட்டும் போதும், உங்க கணக்கு திறந்துடும்."

"ரெண்டையும் அனுப்பு."

"ரெண்டையும் அனுப்பினா திறக்க மாட்டாங்க."

"திறக்காட்டிப் போகட்டும். ரெண்டையும் அனுப்பு. நீ பாத்ததை எழுதி அனுப்பு."

எழுதினாள். பாவம், கண் கலங்கினதுபோல இருந்தது. தூசியாக இருக்கும்.

உள்ளே எங்கள் கூட்டம் என் நாற்காலியில் வேறு யாரையோ உட்காரவைத்து விளையாடி எட்டில் ஏழாவதாக வந்தது. புது ஆள், ஆறு பெட்டியைச் சரித்துவிட்டானாம். அதற்கு நான் என்ன செய்ய? என் பெயர் சுத்தமாகாமல் அந்த நாற்காலியில் எப்படி உட்காருவேன்? வெளியே வந்த நண்டு என்னைப் பார்த்து நின்றார். "ஒரு பெட்டிதானேம்மா. விட்டிருக்கலாம்ல" என்றார். "எந்தப் பெட்டி?" என்று கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கரூர் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. மற்ற இரண்டு பேரும் சொல்லவில்லை. இந்தக் காலத்தில் அப்படித்தான்.

நாளைக்கு மூன்று மணிக்கு ஜெயசீலி கடையில் புதுக் கணக்கு திறக்கப்போகிறேன். அதே பெயர், பின்னால் ஒரு இரண்டு. அதே லினக்ஸ், அதே இடையாள், அதே பதினொன்று. மூடுவார்கள். தெரியும். மறுபடி திறப்பேன், பின்னால் மூன்று. அவர்களுக்கு எண் தீராது, எனக்கும் தீராது. கூட வர மூன்று பேர் வேண்டும், கிடைக்காமலா போய்விடுவார்கள்?

என்ன, ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டதா? நீ இங்கேதானே இறங்க வேண்டும்? கல்லுப்பட்டியிலிருந்து கேட்டுக்கொண்டு வந்தாய், அவர்கள் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ. வேண்டாம், இப்போது எனக்காகச் சொல்ல வேண்டாம். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, எழுந்து போய் உட்கார்ந்திருக்கலாமே என்றுதான் நீயும் நினைக்கிறாய். நான் அதையும் எண்ணிக்கொண்டுதான் வருகிறேன். ஜெயசீலி ஒன்று, அந்த மிருதுளா இரண்டு, நண்டு மூன்று. நீ நாலாவது.

இறங்கு தாயி, பஸ்ஸை எடுக்கப்போகிறார்கள்.